முழு வாக்கியமாகப் பேசினால்தான் சரியான ஆங்கிலமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். தமிழ்வழியில் படித்தவர். வேலையில் சேர்ந்த பிறகு இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். எழுவாயும் வினைச்சொல்லும் இல்லாதது வாக்கியமே இல்லை என்று அதில் படித்த விதியை இன்றுவரை விடவில்லை. யார் எதைக் கேட்டாலும் முழு வாக்கியத்தில்தான் பதில். உடன் வேலை செய்பவர்கள் “புத்தகம் படிக்கிற மாதிரி பேசுறீங்க” என்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் ‘பேச்சில் சரளம் போதவில்லை’ என்று எழுதிவிட்டார். இதற்கு நடுவில், மின்னஞ்சலில் எல்லாரும் எழுதுகிற ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’க்குக் கூட கணினி, வாக்கியம் முடியவில்லை என்று அடிக்கோடு போடுகிறது.

இயல்பாகப் பேச வேண்டும் என்று, இணையத்தில் கிடைத்த இன்டர்ஜெக்‌ஷன் (உணர்ச்சியை வெளிப்படுத்தும் சொல்) பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தார். சக ஊழியர் ஒருவரின் தந்தை இறந்த செய்தி அலுவலகக் குழுவில் வந்தபோது ‘அலாஸ்! வாட் அ சாட் நியூஸ்!’ என்று பதிவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ தவறாகிவிட்டது என்று மட்டும் இவருக்குப் புரிந்தது. பிறகு ஒருநாள் மேலாளர் “டிட்ன்ட் யூ செண்ட் த ஃபைல்?” என்று கேட்க, இவர் “யெஸ்” என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். இவர் நினைத்தது, ‘ஆமாம், அனுப்பவில்லை’. மேலாளர் புரிந்துகொண்டது, ‘அனுப்பியாயிற்று’. கோப்பு தாமதமானது, பழி இவர் மேல் விழுந்தது. போதாததற்கு, ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் தேர்வில் ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்று எழுதிய பதிலுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.

அரைகுறை வாக்கியம் பேசுவது சரியா, தவறா? இன்டர்ஜெக்‌ஷன் எல்லாம் நாகரிகமான பேச்சில் சேருமா? பள்ளியில் போய்க் கேட்கலாமா? பணம் கட்டி வகுப்பில் சேரட்டுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். நீங்கள் படித்த விதி பொய்யில்லை. ஆனால் அது எழுத்து ஆங்கிலத்துக்கு, அதிலும் கட்டுரை, அறிக்கை போன்றவற்றுக்குச் சொன்ன விதி. அதைப் பேச்சுக்கும் நீட்டிக்கொண்டதுதான் உங்கள் சிரமத்துக்குக் காரணம். லெனார்ட் புளூம்ஃபீல்ட் என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1933-லேயே, எழுவாயும் பயனிலையும் கொண்ட பெரிய வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ‘சிறு வாக்கியங்கள்’ என்று ஒரு வகையை வைத்தார். முன்னால் பேசியதை நிறைவு செய்பவை, உணர்ச்சியை வெளிப்படுத்துபவை என்று அவற்றை இரண்டாகவும் பிரித்தார். அவற்றையும் அவர் வாக்கியம் என்றே அழைத்தார் என்பதைக் கவனியுங்கள். டக்ளஸ் பைபரும் அவருடைய குழுவினரும் சுமார் 4 கோடி சொற்களைக் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், அன்றாட உரையாடலில் வரும் கூற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முழு வாக்கிய அமைப்பு இல்லாதவை என்று காட்டினார்கள். அதில் பதிவானவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அறிக்கை அனுப்பியாயிற்றா என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஹாவ் செண்ட் த ரிப்போர்ட் யெஸ்டர்டே’ என்று முழுமையாகச் சொல்வேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது, சகோதரி. ‘யெஸ்டர்டே’ என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் ‘ஹாவ் செண்ட்’ வராது. ‘ஐ செண்ட் இட் யெஸ்டர்டே’ என்றுதான் வர வேண்டும். “யெஸ், யெஸ்டர்டே” என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தால் பிழைக்கே இடமில்லை. முழுமை உங்களைக் காப்பாற்றும் என்று நம்பினீர்கள். அந்த இடத்தில் அதுதான் உங்களைப் பிழையில் கொண்டுபோய் விட்டது.

அதற்காக, இனி எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் பேசலாம் என்றும் நான் சொல்லவில்லை. முடியாத வாக்கியத்துக்கும் இலக்கணம் உண்டு. எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதில் ஆங்கிலம் மிகவும் கண்டிப்பானது. தமிழில் பழகிய நமக்கு இடறுவதும் அங்கேதான்.

எதை விடலாம், எதை விடக் கூடாது

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே போதும். ‘நான்’ என்பதை வினைமுற்றின் விகுதியே சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் அது முழு வாக்கியம். ‘கோப்பு கிடைத்ததா? பார்த்தீர்களா?’ என்று கேட்டால் ‘பார்த்தேன்’ என்கிறோம். எதைப் பார்த்தேன் என்று திரும்பச் சொல்வதில்லை. எழுவாய், செயப்படுபொருள் இரண்டையும் தமிழ் தாராளமாக விட்டுக்கொடுக்கும்.

ஆங்கிலம் அப்படியில்லை. ‘காட் இட்’ என்ற இரண்டு சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழு வடிவம் ‘ஐ காட் இட்’. முன்னால் இருந்த ‘ஐ’ போய்விட்டது, யாருக்கும் உறுத்தவில்லை. பின்னால் இருக்கும் ‘இட்’ போனால் வாக்கியம் நொண்டுகிறது. நம்மில் பலர் ‘யெஸ், ஐ காட்’ என்றும் ‘ஐ லைக்’ என்றும் நிறுத்திவிடுகிறோம். எழுவாயைச் சொல்லி, பொருளை விட்டுவிடுகிறோம். ஆங்கிலப் பேச்சின் வழக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே விடுபடுவது பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில்தான்: எழுவாய், அதோடு ஒட்டிய துணைவினை. ‘டூ யூ நீட் ஹெல்ப்?’ என்பது ‘நீட் ஹெல்ப்?’ ஆகும். ‘ஆர் யூ ரெடி?’ வெறும் ‘ரெடி?’ ஆகும். ‘இட் சவுண்ட்ஸ் குட்’ என்பதில் ‘இட்’ போய் ‘சவுண்ட்ஸ் குட்’ நிற்கும். அதே ‘இட்’ நடுவில் வந்தால் அசைக்க முடியாது: ‘பிகாஸ் இட் இஸ் லேட்’ என்பதை ‘பிகாஸ் இஸ் லேட்’ என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. எழுவாயை எடுத்தால் அதோடு சேர்ந்த ‘ஆம்’, ‘இஸ்’ ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘கமிங்!’ சரி, ‘ஐ’ம் கமிங்’ சரி. நடுவில் நிற்கும் ‘ஆம் கமிங்’ முறையான மின்னஞ்சலில் பிழையாகத்தான் படும். ‘ரெய்னிங் அகெய்ன்?’ என்று கேட்கலாம்; ‘இஸ் ரெய்னிங்’ என்று சொல்ல முடியாது.

சுருக்கமான பதிலில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடக்கும். ‘ஹாவ் யூ ஃபினிஷ்ட்?’ என்ற கேள்விக்கு ‘யெஸ், ஐ ஹாவ்’ என்போம். இங்கே விடுபட்டது பின்பகுதி. துணைவினை தனியாகக் கடைசியில் நிற்கிறது. அப்படி நிற்கும்போது அதைச் சுருக்கவே கூடாது. ‘யெஸ், ஐ’வ்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். ‘நோ, ஐ ஹாவ்ன்ட்’ என்று சொல்லலாம், எதிர்மறைக்கு அந்தச் சலுகை உண்டு.

எழுவாயும் வினையும் கொண்ட முழு அமைப்பு எப்போதுமே இல்லாமல் நிலைத்துவிட்ட வகைகளும் இருக்கின்றன. ‘வாட் அ டே!’, ‘ஹவ் ஸ்ட்ரேஞ்ச்!’ என்ற வியப்புகள், ‘ஹவ் அபவுட் டுமாரோ?’, ‘வொய் நாட்?’ என்ற கேள்விகள், ‘த சூனர், த பெட்டர்’ போன்ற வழக்குகள், ‘நோ ஸ்மோக்கிங்’, ‘எக்ஸிட்’ என்ற பலகைகள். இவற்றை நீட்டி முழுமையாக்க முயலாதீர்கள். உள்ளபடியே இவை முழுமையானவை.

அந்த ஒற்றை ‘யெஸ்’

உங்களுக்கு உண்மையிலேயே இழப்பு ஏற்படுத்தியது இதுதான், அதனால் இதில் சற்று நின்று பேச வேண்டும். உங்கள் மேல் விழுந்த பழி நியாயமில்லை. ஆனால் மீண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

‘கோப்பு அனுப்பலையா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமாம், அனுப்பலை’ என்கிறோம். கேட்பவர் ‘அனுப்பவில்லை’ என்று நினைப்பதை நாம் ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் கேட்பவருடைய நினைப்புக்கு மதிப்பில்லை, நடந்ததற்குத்தான். நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்காவிட்டால் ‘நோ’, கேள்வி எப்படி இருந்தாலும் சரி. ஆகவே அனுப்பாதபோது ‘நோ, ஐ டிட்ன்ட்’ என்றுதான் பதில் வர வேண்டும். எதிர்மறைக் கேள்வி வந்தால் ஒற்றைச் சொல்லில் ஒருபோதும் முடிக்காதீர்கள். ‘ஐ டிட்’ அல்லது ‘ஐ டிட்ன்ட்’ என்ற வால் கட்டாயம் இருக்கட்டும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையுமே தவிர்த்து ‘நாட் யெட்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டு பொருள் கிடையாது.

‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ஜாயின்?’ என்ற கேள்வியும் இதே கண்ணிதான். ‘தாராளமாக வாங்க’ என்று நினைத்து ‘யெஸ்’ சொன்னால், ‘எனக்கு ஆட்சேபம் உண்டு’ என்று பொருளாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்பதே அனுமதி.

இன்டர்ஜெக்‌ஷன் பற்றி

இது நாகரிகக் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். லத்தீன் இலக்கணக்காரர்கள் இதற்குச் சொல்வகைகளில் தனி இடமே கொடுத்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் டோனாட்டஸ் எழுதிய இலக்கணத்தில் எட்டுச் சொல்வகைகளில் ஒன்று இது. இன்று நாம் படிக்கும் ‘எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ பட்டியல் அந்த வழியில் வந்ததுதான். தமிழிலும் ‘ஐயோ’, ‘அம்மாடி’, ‘அடடா’ என்று வியப்பிடைச்சொற்கள் இல்லாமல் நம்மால் பேசவே முடியாது.

பட்டியலாக மனப்பாடம் செய்ததுதான் வினையாகிவிட்டது. ‘அலாஸ்’ என்றால் துக்கம் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். பள்ளிப் புத்தகங்களிலும் மரணத்துக்குத்தான் அதை எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் நேரடியான துக்கத்துக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற பொருளில், வாக்கியத்தின் நடுவில், கொஞ்சம் பழைய வாசனையோடு வருகிற சொல் அது. சில நேரம் கேலியாகவும் வரும். அதற்கு மேல் நீங்கள் இரண்டு ஆச்சரியக்குறிகள் போட்டீர்கள். வாய்விட்டுச் சொல்லும்போது திடுக்கிடல் இயல்பாக வருகிறது. நிதானமாக உட்கார்ந்து எழுதும் இரங்கலில் அது நடிப்பாகத் தெரியும் அபாயம் உண்டு. உங்கள் மனம் உண்மையாகவே வருந்தியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குத் தனியாக இப்போதும் எழுதலாம், தாமதம் என்று தயங்காதீர்கள்: ‘ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ். திங்கிங் ஆஃப் யூ அண்ட் யுவர் ஃபேமிலி.’ இரண்டுமே முடியாத வாக்கியங்கள், இரண்டுமே பொருத்தமானவை. கணினி அடிக்கோடு போட்டால் போடட்டும்.

ஒவ்வொரு சொல்லும் பேச்சில் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொண்டால் பட்டியல் தேவைப்படாது. ‘ஓ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகவியலாளர் ஜான் ஹெரிடேஜ் 1984-ல் பதிவு செய்யப்பட்ட உரையாடல்களை ஆராய்ந்து, ‘ஓ’ என்பது ‘இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது’ என்று அறிவிக்கும் குறி என்று விளக்கினார். எனவே மேலாளர் சொல்லும் செய்தி உங்களுக்கு முன்பே தெரியுமென்றால் ‘ஓ’ போடாதீர்கள். மின்னஞ்சலைப் படிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘யெஸ், ஸா த மெயில்’ என்பது போதும். பதிலுக்கு முன்னால் வரும் ‘வெல்’, ‘இதற்கு நேரடியான பதில் இல்லை’ என்ற முன்னறிவிப்பு. பழக்கதோஷத்தில் எல்லாப் பதிலுக்கும் ‘வெல்’ போட்டால், எதிரில் இருப்பவர் மறுப்பு வரப்போகிறது என்று தயாராகிவிடுவார். ‘ஊப்ஸ்’ சிறிய தவறுகளுக்கு மட்டும். வாடிக்கையாளருக்குத் தவறான தொகையை அனுப்பிவிட்டு அதைச் சொன்னால் அலட்சியம் என்று படும். கடவுள் பெயர் கலந்தவற்றைப் பழகாத இடத்தில் தவிர்த்துவிடுங்கள். சிலர் மனம் புண்படும்.

காதில் சரியாக விழாதபோது உங்களுக்கு வாயில் வருவது ‘ஹ?’ என்பதுதான் என்று வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்க் டிங்கமான்ஸ், பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்ட் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகள் உட்பட 10 மொழிகளை ஒப்பிட்டு, இந்தச் சிறு ஒலி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டார்கள். நெருங்கியவர்களிடம் அதுவே போதும். மேலாளரிடம் ‘ஸாரி?’ என்று குரலை ஏற்றிக் கேளுங்கள். அதுவும் ஒற்றைச் சொல்தான், மரியாதை மட்டும் கூடுதல்.

எழுத்தில் எவ்வளவு தூரம்

இங்கே நீங்கள் பழகிய கண்டிப்பு உங்களுக்குச் சொத்து, அதை விட்டுவிடாதீர்கள். அறிக்கை, ஒப்பந்தம், புகார்க் கடிதம், விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்கான பதில் இவையெல்லாம் முழு வாக்கியங்களில்தான் இருக்க வேண்டும். யார் செய்தார், எதைச் செய்தார் என்பது விடுபட்டால் பிறகு வேறு யாராவது அந்த இடத்தைத் தமக்கு வசதியாக நிரப்பிக்கொள்வார்கள். ‘டிஸ்கஸ்ட் அண்ட் அப்ரூவ்ட்’ என்று மட்டும் எழுதிவைத்தால், அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பணம் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் நீங்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அன்றாட மின்னஞ்சல் இடைப்பட்டது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ நம் வினையெச்சம் போல முற்றுக்குக் காத்திருக்கும் தொடர்தான். அடிக்கோடு போடுவதில் கணினிமேல் தவறில்லை. ஆனால் கடித முடிவில் அது ஊன்றிவிட்ட வழக்கு. மிகவும் முறையான கடிதமென்றால் ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று மாற்றிவிடுங்கள், மற்றபடி அப்படியே இருக்கலாம். ‘நோட்டட்’ என்ற ஒற்றைச் சொல் பதிலும் இலக்கணப்படி சரிதான். மேலதிகாரிக்கு அனுப்பும்போது ‘நோட்டட், தாங்க் யூ’ என்று சேர்த்துக்கொண்டால் வெடுக்கென்று இருக்காது.

மகனின் மதிப்பெண்

சண்டைக்குப் போக வேண்டாம். ‘முழு வாக்கியத்தில் விடை எழுதுக’ என்று வினாத்தாளில் இருந்திருந்தால் ஆசிரியர் செய்தது சரி. இல்லாவிட்டால், எதிர்பார்ப்பு என்ன என்று தன்மையாகக் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாயால் சொல்லும் பதிலுக்கு மகன் எழுதியது முற்றிலும் சரி என்பதை அவனிடம் சொல்லிவிடுங்கள். அதோடு, ‘பிகாஸ்’ என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று அவன் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்ட் இன்சைட்’ பிழையற்ற வாக்கியம். காரணத்தைச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லாமல் முற்றுப்புள்ளி வைத்ததுதான் குறை.

வகுப்பும் மேலாளரும்

இப்போதைக்கு வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு இலக்கணம் தெரியும். பேச்சின் ஓட்டம்தான் பழக வேண்டும். அலுவலகக் கூட்டங்களின் பதிவு கிடைக்குமானால், நன்றாகப் பேசுகிற ஒருவர் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களை மட்டும் கேட்டு எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு எவ்வளவு நீளப் பதில் சொல்கிறார், எந்தச் சொல்லை விடுகிறார் என்று பாருங்கள். ஆம், இல்லை, எப்போது, எங்கே, யார் என்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், ஏன், எப்படி என்ற கேள்விகளுக்கு முழு வாக்கியங்களிலும் பதில் சொல்லப் பழகுங்கள். முதல் சில வாரங்கள் இந்த ஒன்று போதும்.

மேலாளர் எழுதிய ‘சரளம் போதவில்லை’ என்ற குறிப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் நீங்கள் திருத்திக்கொள்ள முடியாது, அடுத்த மதிப்பீட்டிலும் அதே சொல் வந்து நிற்கும். ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகள் தர முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கோப்பு விஷயத்தில் நடந்த குழப்பத்தையும் அதே கடிதத்தில் முழு வாக்கியங்களில் விளக்கிவிடுங்கள்: கேள்வி என்ன, நீங்கள் சொன்ன பதில் என்ன, அதை எந்தப் பொருளில் சொன்னீர்கள், கோப்பை எப்போது அனுப்பினீர்கள். அனுப்பும் முன் தேதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.